ஏழாம் மேசையில் ஓர் உகரம்

யோகமலருக்குக் கள்ளுத் தவறணையில் கிடைத்த வேலை, சுவர் பேசுவதைக் கேட்பது. யாராவது விசாரித்தால் அவள் அப்படிச் சொல்வதில்லை. "எழுத்து வேலை" என்று முணுமுணுத்துவிட்டுச் சைக்கிளை மிதித்துவிடுவாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இந்த ஐம்பது வயதுக்குள் அவள் வாய் திறந்து பேசியதையெல்லாம் எழுதினால் ஒரு கொப்பி நிரம்பாது. வாய்க்குக் கொடுக்காததையெல்லாம் கடவுள் அவள் காதுக்குக் கொடுத்திருந்தார். ஒழுங்கையில் போகும் சைக்கிளின் சங்கிலிச் சத்தத்தை வைத்தே போகிறவர் யாரென்று சொல்லிவிடுவாள்.

வெள்ளிப்புலம் தவறணை நாற்பத்து நான்கு வருடம் பூட்டிக் கிடந்தது. கனடாவிலிருந்து திரும்பிவந்த நிர்மலன் அதை வாங்கிப் பழையபடி ஆக்கினார். பனையோலைக் கூரை, உட்காரக் கால் ஆடாத பனை வாங்குகள், வரிசையாய்க் கள்ளு முட்டிகள், பற்றரியில் ஓடும் பழைய வானொலி, பங்குனி மாதத்தோடு நின்றுபோன நாட்காட்டி. குருத்தோலையை மடித்துக் கட்டிய பிளாவில்தான் கள்ளு, கூழும் பிளாவில்தான். கண்ணாடிக் குவளை கேட்கிற விருந்தாளிக்கு "அந்தக் காலத்திலை இல்லை" என்று சிரித்தபடி சொல்ல வேண்டும் என்பது உத்தரவு.

ஒன்றை மட்டும் நிர்மலன் பழையபடி ஆக்கவில்லை. பின்சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு துவாரம் இருந்தது. வாங்கில் இருந்து குடிக்க அனுமதியில்லாத சனங்கள் அதன் வழியாகச் சிரட்டையை நீட்டுவார்கள். உள்ளே இருந்து ஊற்றுவார்கள். அதைக் கல் வைத்து அடைக்கச் சொன்னார்.

"சாப்பிட வாற ஆக்களுக்கு உது வடிவா இராது" என்றார்.

தவறணையின் உண்மையான சரக்கு சுவர்தான். சென்னையிலிருந்து வந்திருந்த பரிதி என்ற பொறியாளர்தான் அதைப் பேச வைத்தவர். மெலிந்த உடம்பு, எப்போதும் விரல் நுனியில் வெள்ளைப் பொடி. முதல் நாளே யோகமலரை உட்கார வைத்துச் சொன்னார்.

"சுண்ணாம்புச் சாந்து ஈரமா இருக்கிற வரைக்கும் காத்தை உள்ள இழுத்து இழுத்துத்தான் இறுகும், அக்கா. அந்த நேரத்துல பக்கத்துல யாராவது பேசினா, அந்த அதிர்வு உள்ள மெல்லிசா வரி வரியாப் பதிஞ்சிடும். காஞ்சிடுச்சுன்னா சுவர் காதை மூடிக்கும். அப்புறம் தொண்டை கிழியக் கத்தினாலும் ஏறாது."

"எத்தினை நாளைக்குக் கேக்கும்?"

"பதினோரு நாள். அதுக்கு மேல இல்லை."

அந்தப் பதினோரு நாளும் ஊருக்குத் தெரிந்த நாட்கள்தான். நாற்பத்து நான்கு வருடத்துக்கு முந்திய பங்குனியில் ஷெல் விழுந்து தவறணையின் பாதிச் சுவர் போயிற்று. திரும்பக் கட்டிச் சாந்து பூசிய மறுநாளே கடையைத் திறந்துவிட்டார்கள். மரத்திலிருந்து இறக்கிய கள்ளு சுவர் காயும்வரை காத்திருக்காது. ஈரச் சுவரைச் சுற்றி இருந்துதான் சனம் குடித்தது, சண்டை பிடித்தது, மரவள்ளிக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசியது. அத்தனையும் உள்ளே இருந்தது. இனி விருந்தாளிகள் சாப்பிடும்போது ஒவ்வொரு மேசைக்கும் அதனருகேயுள்ள சுவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லும். மேசையில் பதித்த சிறு கண்ணாடியில் அதன் எழுத்து ஓடும்.

எழுத்தில்தான் தொல்லை வந்தது. பரிதியின் இயந்திரத்துக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு பிடிபடவில்லை.

"இங்க பாருங்க. 'அதை இஞ்சாலை தா'ன்னு போட்டிருக்கு. சரியா?"

யோகமலர் காதில் மாட்டிக் கேட்டாள். "அதை இல்லை, தம்பி. உதை."

"உதையா? காலாலயா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லை, இல்லை. இது எண்டால் என்ரை கையிலை இருக்கிறது. அது எண்டால் அங்காலை, தூரத்திலை. உது எண்டால் உங்களுக்குப் பக்கத்திலை, நீங்கள் பாக்கிற இடத்திலை. இவன், உவன், அவன். அப்பிடித்தான்."

"உவன்!" பரிதி அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். "இலக்கணத்துல படிச்சிருக்கேன், அக்கா. ஒருத்தர் வாயால கேட்டதே இல்லை. இயந்திரத்துக்கு 'உ'ன்னு நல்லாத்தான் கேக்குது. ஆனா அப்படி ஒரு பேச்சு இல்லைன்னு அதுவா நினைச்சுக்கிட்டு 'அ'ன்னு திருத்திடுது. நீங்க ஒவ்வொண்ணாப் பார்த்துத் திருப்பிப் போடணும். நீங்க 'சரி'ன்னு அமுக்கிட்டா அதுதான் கடைசி. நான் தொட மாட்டேன்."

ஒரு மாதமாக அவள் அந்த வேலையைத்தான் செய்துவந்தாள். செத்துப்போன மனிதர்களின் உகரங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள்.

*

சமையலுக்கு இருந்தவள் பவளம். வல்லிபுரத்தின் மகள்.

வல்லிபுரம்தான் அந்தக் காலத்தில் இதே தவறணையில் கள்ளு ஊற்றியவர். அந்தப் பதினோரு நாளில் ஒன்பதாம் நாள் மத்தியானம், ஆயுதத்தோடு சிலர் உள்ளே வந்து, ஏழாம் மேசைக்கு எதிர் வாங்கில் குடித்துக்கொண்டிருந்த அரியகுட்டி என்ற இளைஞனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. கூட்டத்துக்குள் ஆளை யாரோ காட்டியிருக்க வேண்டும். அவனுக்குக் கடைசியாகக் கள்ளு வைத்தது வல்லிபுரம். கள்ளு வைப்பது போலத் தலையசைத்துக் காட்டியிருக்கிறான் என்று கதை எழும்பியது. அதற்கு ஐந்தாம் நாள் வேறு சிலர் வந்து வல்லிபுரத்தைச் சந்தி மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். கழுத்தில் தொங்கிய மட்டையில் 'காட்டிக் கொடுத்தவன்' என்று எழுதியிருந்தது. அந்த வெடிச்சத்தம் சுவரில் இல்லை. அதற்குள் சுவர் காதை மூடிவிட்டது.

அதற்கு முன்பு ஊர்ச் சனம் ஒருவரிடம் போய்க் கேட்டது உண்மை. உபதபாலதிபர் செல்லத்தம்பி அன்று தவறணையில் இருந்தவர். "மாஸ்டர், வல்லிபுரம்தானோ?" என்று கேட்டார்கள். மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. முன்னால் கிடந்த கடிதக் கட்டுக்கு முத்திரை குத்திக்கொண்டே இருந்தார். படித்த மனிதர் வாய் திறக்காமல் இருந்தால் அதற்கு ஓம் என்றுதான் அர்த்தம் என்று சனம் எடுத்துக்கொண்டது.

செல்லத்தம்பி யோகமலரின் அப்பா. அதற்குப் பிறகு அவர் சாகும்வரை கள்ளைத் தொட்டதில்லை. ஊர் அதைப் பெரிய மனதின் துக்கம் என்றது. வாசிகசாலைக்கு அவர் பெயரை வைத்தது. இன்றைக்கும் யோகமலரை ஊர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தபால் மாஸ்டரின்ரை மகள் என்றே சொல்லும். கலியாணம் ஆகாமல், படிப்பும் ஏறாமல், பேச்சும் வராமல் இருந்தவளுக்கு நிற்பதற்கு என்று இருந்த நிலம் அந்த ஒரு சொல்தான்.

பவளம் இந்த வேலைக்கு வந்தபோது ஊர் முகத்தைச் சுளித்தது. அவளுக்கு அது புதிதில்லை.

"எனக்கு இஞ்சை வர என்ன ஆசையோ?" என்று ஒருநாள் கணவாய் வெட்டிக்கொண்டே யோகமலரிடம் சொன்னாள். "மூண்டாம் மேசையிலை அப்பா சிரிக்கிறார் எல்லே. அதைக் கேக்கத்தான் வாறன். அவற்றை படம் ஒண்டுகூட எங்களிட்டை இல்லை, பிள்ளை. வீட்டோடை கொளுத்திப்போட்டினம்."

மூன்றாம் மேசையில் வல்லிபுரம் யாருக்கோ பிளாவை நீட்டிக்கொண்டு சொல்வார்: "இப்பதான் மரத்தாலை இறங்கினது, குடியுங்கோ. என்னைவிட இதுக்குச் சுறுசுறுப்பு." பிறகு சிரிப்பார். அந்தத் துண்டைப் பரிதி சோதிக்கும்போதெல்லாம் அடுப்படியில் அகப்பைச் சத்தம் நின்றுவிடும்.

திறப்புவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஏழாம் மேசையின் முறை வந்தது.

"இது ரொம்ப அழகான துண்டு, அக்கா" என்றார் பரிதி. "ரெண்டு சிநேகிதங்க குழந்தையைப் பத்திப் பேசிக்கிறாங்க. நிர்மலன் சார் கேட்டுட்டு, குடும்பத்தோட வர்றவங்களை இந்த மேசையிலதான் உட்கார வைக்கணும்னு சொல்லிட்டாரு. ஒரேயொரு சொல்லுலதான் சிவப்புக் கோடு இருக்கு. பார்த்துடுங்க."

அவர் வெளியே போனார். யோகமலர் காதில் மாட்டினாள். கண்ணாடியில் எழுத்து ஓடியது.

— என்ன காணும், உம்மடை பெட்டைக்கு எத்தினை வயசு?

— ஆறு.

— பள்ளிக்கூடம் போறவளோ?

— ஓம்.

— தனியவோ போறவள்?

இந்த இடத்தில் மறுமொழி இல்லை. தூரத்தில் யாரோ பாட்டு முனகினார்கள். ஒரு முட்டி கீழே வைபட்டது.

— ஆர்?

பிறகு மேசையில் ஒரு தட்டு. உடனே இன்னொரு தட்டு. முதலாவது மெதுவாக, இரண்டாவது அழுத்தமாக. அதை இயந்திரம் 'மேசைச் சத்தம்' என்று எழுதியிருந்தது.

யோகமலர் அந்த இடத்தைத் திரும்ப ஓடவிட்டாள். மைத்தட்டில் மெதுவாக ஒரு தட்டு, கடிதத்தில் அழுத்தி ஒரு தட்டு. யோசிக்கும்போது அப்பாவின் வலது கை வெறும் மேசையிலும் அதைத்தான் செய்யும். அவளைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டுவதா என்று யோசித்த அன்று சாப்பாட்டு மேசையில் செய்தது. சாகக் கிடந்தபோது கட்டில் சட்டத்தில் செய்தது.

பிறகு அப்பாவின் குரல், அவள் பதினைந்து வயதுவரை கேட்ட அதே அடித்தொண்டைக் குரல், மிகவும் மரியாதையாகச் சொன்னது.

— உவன்தான்.

கண்ணாடியில் 'அவன்தான்' என்று இருந்தது. அதன் கீழே சிவப்புக் கோடு.

அடுத்து வல்லிபுரத்தின் குரல், ஒன்றும் அறியாமல்: — ஐயா, இன்னொரு பிளா?

துண்டு அதோடு முடிந்தது. ஆனால் வெட்டாத நீளப் பதிவும் அவளிடம் இருந்தது. ஓடவிட்டாள். பத்து நிமிடத்தில் வாங்குகள் சரிந்தன. ஒரு இளைஞன் "நான் இல்லை, அண்ணை, நான் இல்லை" என்று கத்தினான். அந்த இரைச்சலுக்கு நடுவே, சுவருக்கு மிக அருகில், மெதுவாக ஒன்று, அழுத்தமாக ஒன்று. மெதுவாக ஒன்று, அழுத்தமாக ஒன்று.

அவன் என்றால் எங்கோ இருக்கிற யாரோ. இரண்டு பேர் ஊர்க்கதை பேசுகிறார்கள். உவன் என்றால் கேட்கிறவனின் கண்ணுக்கு எதிரே, கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறவன். ஒரு எழுத்துக்குள் அரியகுட்டி இருந்தான். மின்கம்பத்தில் வல்லிபுரம் இருந்தார். அந்த ஆறு வயதுப் பெட்டையாய் அவளும் இருந்தாள். அன்றைக்கு மத்தியானம் அவள் பள்ளிக்கூடத்தால் தனியாகத்தான் வந்தாள். வழியில் ஒருவரும் அவளை ஒன்றும் செய்யவில்லை.

பரிதி எட்டிப் பார்த்தார். "என்னக்கா, 'அவன்தான்' சரிதானே?"

அவளுடைய விரல் பொத்தானின் மேலே நின்றது. வாசிகசாலை வாசலில் இருந்த பெயர்ப்பலகை கண்ணுக்குள் வந்தது.

"சரி" என்றாள்.

*

துவாரத்தை அடைத்த இடத்தில் பரிதி தன் கையாலேயே சாந்து பூசினார். பழைய காலத்து அளவில் சுண்ணாம்பும் மணலும் பனஞ்சாறும் சேர்த்த கலவை. அதன் ஒரு பக்கம் சாப்பாட்டுக் கூடம். மறுபக்கம் புதிதாகக் கட்டிய அடுப்படி. அவர் பூசியது அடுப்படிப் பக்கம்.

"காய்ஞ்சதும் ஒருதரம் படிச்சுப் பார்க்கணும்" என்று பவளத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். "புதுச் சுவரும் பழைய சுவரும் ஒரே மாதிரி கேக்குதான்னு தெரியணும். அதனால இங்க எதாவது திட்டணும்னா தள்ளிப் போய்த் திட்டுங்க, அம்மா."

"ஏன், உந்தச் சுவருக்குக் கோவம் வருமோ?" என்றாள் பவளம்.

யோகமலர் அப்போது கூடத்தில் தலையைக் குனிந்து எழுத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். கேட்டது. கேட்டதை நினைவில் வைக்கும் நிலையில் அவள் இல்லை.

மூன்றாம் நாள் காலை பவளம் கூப்பிட்டாள்.

"மலர், இஞ்சை ஒருக்கால் வா பிள்ளை."

அவள் அடைத்த துவாரத்துக்குப் பக்கத்தில் துருவலையைப் போட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. யோகமலருக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. சுவரோரமாக நின்றாள்.

"ஏழாம் மேசையிலை கதைக்கிறது ஆர்?"

"ரண்டு பேர், அக்கா."

"ரண்டு பேர் எண்டு எனக்கும் கேக்குது. ஆர்?"

"தெரியேல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒழுங்கையாலை போற சைக்கிளை ஆற்றை எண்டு சொல்லுற பிள்ளை நீ."

"பிறத்தி ஆக்கள் போலை கிடக்கு."

தேங்காய் துருவும் சத்தம் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. "மேசையிலை தட்டுறது?"

"அது சும்மா சத்தம், அக்கா."

"என்ரை அப்பாவைப் பற்றித் தபால் கந்தோரிலை கேக்கப் போன நேரம் நானும் சனத்துக்குப் பின்னாலை போனனான். பத்து வயசு. ஆக்களின்ரை காலுக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டனான். உன்ரை கொப்பர் நிமிரேல்லை. கை மட்டும் போய்க்கொண்டிருந்தது." அவள் பாதித் தேங்காயைத் திருப்பிப் பிடித்தாள். "சரி, அதை விடு. உவன் எண்டோ சொல்லுறார், அவன் எண்டோ?"

யோகமலர் தடுமாறிச் சுவரைப் பிடித்தாள்.

"அவன்."

"வடிவாக் கேட்டனியோ?"

"ஓம். அவன்."

பவளம் அப்போதுதான் நிமிர்ந்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் யோகமலருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நான் சொன்னால் ஆர் நம்புவினம், பிள்ளை? நீ சொன்னால்தான் ஊர் நம்பும். அதுதான் கேட்டனான்." பிறகு சொன்னாள்: "கையை எடு. ஈரச் சுண்ணாம்பு எரிக்கும்."

உள்ளங்கை வெள்ளையாயிருந்தது. யோகமலர் கிணற்றடிக்கு ஓடிப்போய்க் கழுவினாள். மத்தியானம்வரை எரிந்தது. மாலையில் பவளமே சிரட்டையில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

*

சித்திரை பிறந்த மூன்றாம் நாள் மத்தியானம் விருந்து. முற்றமெல்லாம் வாகனங்கள். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த குடும்பங்கள், கொழும்புக்காரர், இரண்டு வெள்ளைக்காரர். பரிமாறுகிறவர்கள் சாரமும் தோளில் துவாயுமாகத் திரிந்தார்கள். நண்டுக்கறியும் சுட்ட கருவாடும் கட்டைச்சம்பலும் மணந்தன. பவளம் பெரிய பானையில் ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தாள். பிளாவை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கத் தெரியாமல் சட்டையில் ஊற்றிக்கொண்டவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள்.

சுவர் பேசத் தொடங்கியதும் கூடம் அமைதியாயிற்று. முதலாம் மேசையில் யாரோ மாட்டுக்கு விலை பேசினார்கள். மூன்றாம் மேசையில் வல்லிபுரம் சிரித்தார். அவரோடு சேர்ந்து அந்த மேசையே சிரித்தது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, என்ன ஒரு வெள்ளைச் சிரிப்பு! அந்தக் காலத்துச் சனம் எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கு!" என்றாள்.

ஏழாம் மேசையில் ஒரு தகப்பன், தாய், இரட்டைப் பின்னல் போட்ட சின்ன மகள், தாயின் வயதான தகப்பன். யோகமலர் தூணோரம் நின்றாள். பவளம் கூழ்ப் பானையோடு அந்த மேசைக்குத்தான் வந்துகொண்டிருந்தாள்.

— என்ன காணும், உம்மடை பெட்டைக்கு எத்தினை வயசு?

சின்னப்பெண் சுவரைப் பார்த்தாள். தன்னைத்தான் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு, "ஆறு!" என்று கத்தினாள்.

— ஆறு, என்றது சுவர்.

கூடம் முழுவதும் கைதட்டியது. நிர்மலனுக்கு முகம் மலர்ந்துபோயிற்று.

— பள்ளிக்கூடம் போறவளோ?

"ஓம்!" என்றாள் பெண், உற்சாகம் ஏறி.

— ஓம்.

— தனியவோ போறவள்?

"இல்லை. அப்பாவோட."

மறுபடியும் சிரிப்பு. சுவர் மட்டும் மறுமொழி சொல்லவில்லை. அந்த நீண்ட அமைதியில் தாய் மகளின் பின்னலைச் சரிசெய்தாள்.

— ஆர்?

மெதுவாக ஒன்று. அழுத்தமாக ஒன்று.

— உவன்தான்.

அந்தக் குரல் காட்டிய இடத்தில், அரியகுட்டி இருந்த வாங்கில், அந்தத் தகப்பன் இருந்தார். அவர் எழுந்து, நெஞ்சில் கைவைத்து, கூடத்தைப் பார்த்துக் குனிந்து, "ஓம் ஓம், நான்தான்!" என்றார். விசில் பறந்தது.

கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. பிளாவைக் கீழே வைத்தார். "உவன் எண்டெல்லே கேட்டது?"

"கண்ணாடியிலை அவன் எண்டு கிடக்கு, அப்பா."

"எனக்கு உவன் எண்டுதான் கேட்டது."

"உங்களுக்குக் காது சரியில்லை."

நிர்மலன் ஓடிவந்தார். "ஐயா, எல்லாம் எங்கடை மலரக்கா ஒவ்வொண்டாக் கேட்டுச் சரிபாத்தது. தபால் மாஸ்டரின்ரை மகள்." தூணோரம் நின்றவளைக் கையால் காட்டினார். "அக்கா, இவருக்குச் சொல்லுங்கோ. அவன்தானே?"

எல்லா முகங்களும் திரும்பின. பவளத்தின் முகமும். அவள் கையில் இருந்த அகப்பையிலிருந்து கூழ் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

யோகமலர் தலை குனிந்தாள். ஒன்றும் பேசவில்லை.

"பாத்தீங்களோ, அவன்தான்" என்றார் நிர்மலன்.

பவளம் கிழவரின் பிளாவை எடுத்து நிறையக் கூழ் ஊற்றி வைத்தாள். "குடியுங்கோ, ஐயா. உங்கடை காதிலை ஒரு பிழையும் இல்லை" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

*

விருந்து முடிந்த மறுவாரம், ஒரு வெயில் காலையில், பரிதி புதுச் சுவரைப் படித்தார். ஊருக்குக் கிளம்புமுன் கடைசி வேலை. யோகமலரைப் பக்கத்தில் இருத்தினார். கண்ணாடியை அவள் பக்கம் திருப்பி, காதுக்கருவி வேண்டாமென்று ஒலியைத் திறந்தே விட்டார்.

"பிரமாதமாக் கேக்குது பாருங்க."

கேட்டது. சட்டி கழுவுகிற சத்தம். காகம். நிர்மலன் தொலைபேசியில் மீன்காரரோடு வாக்குவாதப்படுவது. பிறகு தேங்காய் துருவும் சத்தம், ஒரே சீராக.

— மலர், இஞ்சை ஒருக்கால் வா பிள்ளை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பவளம் ஏன் அந்த இடத்தில் துருவலையைப் போட்டாள், ஏன் அத்தனை தரம் கேட்டாள் என்பதெல்லாம். உள்ளங்கை திரும்பவும் எரிவதுபோல இருந்தது. சுவரில் அவளுடைய ஐந்து விரலும் பதிந்து காய்ந்திருந்ததை இப்போதுதான் பார்த்தாள்.

— தெரியேல்லை.

— பிறத்தி ஆக்கள் போலை கிடக்கு.

— அது சும்மா சத்தம், அக்கா.

தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. எவ்வளவு மரியாதையான குரல். அடித்தொண்டையிலிருந்து வந்தது. அப்படியே அப்பா.

பரிதி அவளைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

அவள் கிணற்றடிக்கு ஓடிய காலடி கேட்டது. அதன் பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. துருவும் சத்தமும் இல்லை. பரிதி முடிந்துவிட்டதென்று கையை நீட்டினார். அப்போது சுவருக்கு மிக நெருக்கமாக, வாயைச் சாந்தோடு சேர்த்துவைத்துப் பேசினாற்போல, பவளத்தின் குரல் வந்தது.

— அப்பா.

மூச்சு வாங்கினாள்.

— உவள்தான்.

கண்ணாடியில் 'அவள்தான்' என்று ஓடியது. அதன் கீழே ஒரு சிவப்புக் கோடு.

"அக்கா," என்றார் பரிதி மெதுவாக, "இது 'அ'வா, 'உ'வா? நீங்கதான் சொல்லணும்."

அடுப்படியில் இன்றைக்கும் பவளம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. யோகமலர் கண்ணாடியையே பார்த்தாள். வெளியே வாசிகசாலைக்குப் பேப்பர் கொண்டுபோகிறவரின் சைக்கிள் சங்கிலி கரகரத்துக்கொண்டு போயிற்று.

"உ" என்றாள்.

அவர் திருத்தினார்.

"ஏழாம் மேசையிலையும்."

"அங்க நீங்கதானே 'அவன்'னு..."

"நான் பொய் சொன்னனான், தம்பி. உ எண்டு போடுங்கோ." அவளுடைய குரல் அடுப்படிவரை கேட்கிற அளவுக்கு உயர்ந்தது, அப்படி அவள் ஒருபோதும் பேசியதில்லை. "பேசுறவர் ஆர் எண்ட இடத்திலை தெரியாது எண்டு கிடக்கெல்லே. அதிலை செல்லத்தம்பி எண்டு போடுங்கோ. உபதபாலதிபர். வெள்ளிப்புலம். எழுதினது மகள் எண்டும் போடுங்கோ."

பரிதி எழுதினார். அடுப்படியில் துருவுகிற சத்தம் நின்றிருந்தது.

யோகமலர் காத்திருந்தாள். பவளம் எழும்பி வருவாள், ஏதாவது சொல்லுவாள், ஏசினாலும் பரவாயில்லை என்று காத்திருந்தாள். அவளுடைய வலது கை மேசையில் கிடந்தது. அது மெதுவாக ஒரு தட்டும், அழுத்தமாக ஒரு தட்டும் தட்டியதை அவள் கவனிக்கவில்லை.

சற்று நேரம் கழித்துத் துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது. ஒரே சீராக.